கரடிக்குக் காது வைத்த கரிச்சான்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சின்னச் சிரிப்பு இல்லை. கிளையில் உட்கார்ந்திருந்த மந்தி பிடி நழுவித் தண்ணீரில் விழுந்த அளவுக்குப் பெரிய சிரிப்பு. ஆனால் அது இப்போது வராது. அவசரப்பட்டுப் பயனில்லை. முதலில் கரடியைப் பார்த்துவிட்டு வருவோம்.

மூங்கில் காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. குளத்துக்கு வடக்கே ஒரு பாறைமேடு. அந்த மேட்டில் மூக்காயி என்ற கரடி குடியிருந்தாள். அவள் முதுகில் எப்போதும் ஒரு குட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். அவள் சாப்பிட்டாலும் இறங்காது, தண்ணீர் குடித்தாலும் இறங்காது. அதனால் காட்டில் எல்லாரும் அதற்கு 'உண்ணி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். உண்ணிக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. சவாரி கிடைத்தால் போதும்!

மூக்காயியின் மூக்கு சாதாரண மூக்கு அல்ல. ஒரு பாதையில் முந்தாநாள் யார் போனார்கள், என்ன தின்றுவிட்டுப் போனார்கள் என்று முகர்ந்தே சொல்லிவிடுவாள். மண்ணுக்கடியில் இரண்டு முழ ஆழத்தில் கறையான் இருந்தாலும் மேலே நின்றபடி கண்டுபிடிப்பாள். முகர்வாள், முடிவெடுப்பாள், நடப்பாள். நடுவில் யோசனை, விசாரணை, யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்பது, எதுவும் கிடையாது.

அவளுக்கு இரண்டு காதுகளும் இருந்தன. பெரிய காதுகள். சடைசடையாக மயிரோடு தலையின் இரண்டு பக்கமும் தொங்கின. சும்மா தொங்கின.

கறையான் தின்னும்போதோ கேட்கவே வேண்டாம். புற்றில் ஓட்டை போட்டு, உதட்டைக் குவித்துத் தூசியை 'ஃபூ' என்று ஊதிவிட்டு, 'ஹ்ஹூப்!' என்று உறிஞ்சுவாள். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் அவளுக்குத் தெரியாது.

அதே காட்டில் துடுப்பன் என்ற கரிச்சான் இருந்தான். உடம்பெல்லாம் கறுப்பு. வாலிலிருந்து இரண்டு நீளக் கம்பிகள் தொங்கும், கம்பி நுனியில் துடுப்பு மாதிரி இரண்டு இறகுகள் ஆடும். ஆனால் அவனுடைய பெருமை வாலில் இல்லை, தொண்டையில்!

பருந்து மாதிரி ஒரு கத்து கத்துவான். மலை அணில் பயந்து கையிலிருந்த பழத்தைப் போட்டுவிடும். புள்ளிமான் மாதிரி 'கேவ்!' என்பான். மந்தை மொத்தமும் தூசி பறக்க ஓடும். ஓடி முடித்துத் திரும்பிப் பார்த்தால், மரத்தில் உட்கார்ந்து வாலை ஆட்டுவான். மயில் மாதிரி அகவுவான். மயிலே வந்து, "யாருடா அது, என் எல்லைக்குள்ள?" என்று சண்டைக்கு நிற்கும்.

அவனுக்கு வராத காரியம் ஒன்றே ஒன்றுதான். வாயை மூடிக்கொண்டு இருப்பது. தூக்கத்தில்கூட யாராவது ஒருவர் குரலில் முனகிக்கொண்டே இருப்பான்.

இப்படிக் காட்டையே ஏமாற்றிய துடுப்பனுக்கு ஒரே ஒருத்தியிடம் மட்டும் பருப்பு வேகவில்லை. அது மூக்காயி.

ஒருநாள் அவன் புதருக்குள் உட்கார்ந்து, உண்ணியின் குரலில் அலறினான்.

"அம்மாஆஆ! விழுந்துட்டேன்! காலு ஒடிஞ்சுபோச்சு!"

மூக்காயி புற்றிலிருந்து தலையை எடுக்கவே இல்லை. 'ஹ்ஹூப்!'

துடுப்பனுக்குப் பொறுக்கவில்லை. வெளியே வந்து கேட்டான். "என்னக்கா இது! பெத்த பிள்ளை அழுவுது, திரும்பிப் பார்க்க மாட்டியா?"

"எம்பிள்ளை எம்முதுகுல இருக்கு. வாசனை வருது. அந்தப் புதர்ல இருந்து கரிச்சான் வாசனைதானே வருது?"

"நான் இங்கதான் இருக்கேன் மாமா!" என்றது உண்ணி, முதுகிலிருந்து கையை ஆட்டி.

அடுத்த நாள் புலி மாதிரி உறுமினான்.

"புலி முந்தாநாளே ஆத்தைத் தாண்டிப் போயிருச்சு" என்றாள் மூக்காயி. "நீ தொண்டையைக் கெடுத்துக்காத."

இதையெல்லாம் மேலே இருந்து சிங்காரி பார்த்துக்கொண்டிருந்தாள். சிங்காரி ஒரு மந்தி. குளக்கரை மருதமரத்தில் அவளுக்கென்று ஒரு கிளை உண்டு. அதில் உட்கார்ந்தால் அவள் கண்ணுக்குத் தப்பி எதுவும் நகர முடியாது.

"காட்டையே ஏமாத்துவாராம்!" என்று அவள் வாலைச் சுழற்றினாள். "ஒரு கரடியை ஏமாத்த முடியலையாம்! தூ!"

துடுப்பனுக்கு முகம் கறுத்தது. ஏற்கனவே கறுப்பு என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

அன்று மூக்காயி தண்ணீர் குடிக்க வந்தபோது சிங்காரி ஒரு பேச்சை எடுத்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காத. நமக்கெல்லாம் ஒண்ணு நல்லா வருது, ஒண்ணு வரவே மாட்டேங்குது. எனக்குக் கண்ணுதான் எல்லாம். ஆனா போன மார்கழியில பனி மூடினப்போ நாலு நாள் கண்ணு தெரியாம பட்டினி கிடந்தேன். அதிலருந்து மோந்து பார்க்கவும் பழகிட்டு இருக்கேன். அரைகுறையாத்தான் வருது. இருந்தாலும் விடலை. நீயும் கொஞ்சம் காதைத் தீட்டேன்? காத்து உன் பின்னாலருந்து அடிச்சா முன்னால இருக்கிறது உன் மூக்குக்கு எப்படித் தெரியும்?"

மூக்காயி சிரித்தாள். "வர்றதை வச்சுப் பொழைக்கத் தெரியாதா எனக்கு? வராததைப் போயி யாராவது பழகுவாங்களா? முதல்ல மயிலுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடு, அப்புறம் என்கிட்ட வா!"

அவள் போய்விட்டாள். ஆனால் கேட்டுக்கொண்டிருந்த துடுப்பனின் தலைக்குள் ஏதோ 'டிங்' என்றது.

"சிங்காரி! சிங்காரி! இப்பத்தான் புரியுது! அவளை நான் ஏன் ஏமாத்த முடியலை? அவதான் காதே கொடுக்க மாட்டாளே! கேட்டாத்தானே ஏமாறுவா?"

"அதுக்கு?"

"அதுக்கு முதல்ல அவளுக்குக் காது வளர்க்கணும். நானே வளர்க்கிறேன். நல்லா வளர்த்து, நாலு பேர் பார்க்க ஒருநாள் கவுத்துவிடுறேன்!"

"ஒரு கேலிக்கா இவ்வளவு வேலை?"

"கேலின்னா சும்மாவா!" என்றான் துடுப்பன்.

மறுநாள் விடியற்காலையே வேலை ஆரம்பித்தது. அது லேசான வேலை இல்லை. கரடியைக் குரலால் கூப்பிட வேண்டுமென்றால், கூப்பிட்ட இடத்தில் தின்ன ஏதாவது இருக்க வேண்டுமே! துடுப்பன் பறந்து பறந்து தேடினான். எந்தப் புற்றில் ஈர மண் புதிதாகப் பூசியிருக்கிறது? எந்தப் பாறைக்குத் தேனீக்கள் வரிசையாகப் போகின்றன? எந்த இலுப்பை மரத்தடியில் பூ கொட்டியிருக்கிறது? அதுவரை ஒரு மரத்தையும் அவன் ஒழுங்காகப் பார்த்ததில்லை. இப்போது ஒவ்வொன்றாகப் பார்த்தான். பார்க்கும்போதும் வாய் மட்டும் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

முதலில், மூக்காயி தானாக மோப்பம் பிடித்து ஒரு புற்றுக்கு வந்து சேரும் நேரம் பார்த்து, மேலே இருந்து மயில் குரலில் 'க்யாவ்! க்யாவ்!' என்றான். அவள் கண்டுகொள்ளவில்லை. அடுத்த புற்றிலும் 'க்யாவ்!' அதற்கடுத்த புற்றிலும் 'க்யாவ்!'

இரண்டாம் நாள், காற்று எதிர்ப்பக்கம் அடித்த நேரமாகப் பார்த்துத் தூரத்திலிருந்து கூப்பிட்டான். புற்று வாசனை அவளுக்கு எட்டவில்லை. ஆனால் மூக்காயி நின்றாள். சும்மா தொங்கிக்கொண்டிருந்த காதுகளில் ஒன்று, வலது காது, ஒரு விரற்கடை நிமிர்ந்தது.

"அம்மா, உன் காது நகருது!" என்று உண்ணி கத்தியது.

"கம்முனு இருடா. மயில் கூப்பிடுது. மயில் கூப்பிட்டா புற்று இருக்கும்போல."

போனாள். புற்று இருந்தது!

அதன்பிறகு துடுப்பன் பாடத்தைக் கூட்டினான். புற்றுக்கு மயில். தேனடைக்குச் செம்போத்து, 'பூப், பூப், பூப்'. இலுப்பைப் பூவுக்குக் குக்குறுவான், 'குக்குறு, குக்குறு'. நடுநடுவே சும்மா ஒரு காக்கைக் குரல், ஒரு கிளிக் குரல். அதை நம்பி வந்தால் ஒன்றும் இருக்காது. மூக்காயி ஒருமுறை காக்கையை நம்பி வந்து ஏமாந்தாள், இருமுறை ஏமாந்தாள், மூன்றாவது முறை வரவில்லை. இடது காதும் நிமிர்ந்தது. பிறகு இரண்டும் தனித்தனியாகத் திரும்பப் பழகின.

ஒருநாள் நடந்துகொண்டே இருந்தவள் சட்டென்று நின்றாள். எங்கோ ஒரு தேனீக் கூட்டம் ரீங்காரம் இடுவதுபோல் மெதுவாக ஒரு சத்தம். 'ம்ம்ம்ம்ம்.' மிக அருகில். அண்ணாந்து பார்த்தாள். தேனடை எதுவும் இல்லை. குனிந்து பார்த்தாள். இல்லை. சத்தம் முதுகிலிருந்து வந்தது! உண்ணி உள்ளங்கையை வாய்க்குள் வைத்துச் சப்பிக்கொண்டே முனகிக்கொண்டிருந்தது.

"டேய், நீயா பாடுறே?"

"எப்பவும் பாடுவேனேம்மா" என்றது உண்ணி. "பயமா இருந்தா பாடுவேன். தூக்கம் வந்தாலும் பாடுவேன். இப்போ தூக்கம்."

எட்டு மாதமாக முதுகிலேயே இருந்த சத்தம். அன்றுதான் அவள் காதில் விழுந்தது. அன்று மாலை கறையான் தின்னும்போதுகூட 'ஹ்ஹூப்' சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள்.

மாசி போய்ப் பங்குனி வந்தது. மூக்காயி கொழுத்தாள். துடுப்பன் இளைத்தான்.

"போதும்டா, பாவம் நீ!" என்றாள் சிங்காரி. "இறக்கைதான் தெரியுது, உடம்பைக் காணோம்."

"நாளைக்கு உச்சிப்பொழுது! எல்லாரையும் கூட்டிட்டு வா. நம்ம காட்டெருமை கட்டையன் குளத்துச் சேத்துல புரண்டுட்டுக் கரையில தூங்குவாரு இல்ல? சேறு காஞ்சதும் அப்படியே புற்று மாதிரி இருப்பாரு. நான் மயிலாட்டம் கூப்பிடுவேன். இவ வந்து வாயைக் குவிச்சு அவர் பின்பக்கத்துல 'ஹ்ஹூப்'புன்னு…" துடுப்பனால் முடிக்க முடியவில்லை. கிளையில் புரண்டு புரண்டு சிரித்தான்.

அந்தச் சிரிப்பு இல்லை நான் சொன்னது. அது இன்னும் வரவில்லை.

மறுநாள் உச்சிப்பொழுது வந்தது. அணில்கள் ஒரு கிளையில், மயில்கள் ஒரு மேட்டில், புள்ளிமான்கள் புல்லுக்குள், எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்கள். காற்று தெற்கிலிருந்து அடித்தது. கட்டையன் கரையில் ஒரு பெரிய மண்மேடாகக் கிடந்தார். துடுப்பன் மருதமரத்தில் ஏறினான்.

'க்யாவ்! க்யாவ்!'

மூக்காயி வந்தாள். தெற்குக் காற்று முதுகில் அடிக்க, கரையோரமாக வந்தாள். கட்டையனின் வாசனை அவள் மூக்குக்கு எட்டியிருக்க வழியே இல்லை. முதுகு காலியாக இருந்தது. காலையில் இலுப்பைப் பூவை அளவில்லாமல் தின்ற உண்ணி கண்ணைச் சொருகிக்கொண்டு தள்ளாடியதால், அதைப் பாறைமேட்டுக் குகையில் தூங்க விட்டுவிட்டு வந்திருந்தாள். அந்தப் பூ இருக்கும் இடத்தைக் காட்டியதும் துடுப்பன்தான்.

பத்து அடி. ஐந்து அடி. சிங்காரி தன் வாலைத் தானே வாய்க்குள் திணித்துக்கொண்டாள். மூக்காயி குனிந்தாள். உதட்டைக் குவித்தாள்.

இதோ வந்துவிட்டது சிரிப்பு என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை.

குவித்த உதடு குவித்தபடியே நின்றது. இரண்டு காதுகளும் விறைத்து வடக்குப் பக்கம் திரும்பின.

"மூங்கில் வெடிக்குது" என்றாள் மூக்காயி.

யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. காற்று தெற்கிலிருந்து வந்ததால் வாசனையும் இல்லை. சிங்காரி கிளை உச்சிக்கு ஏறிப் பார்த்தாள். பாறைமேட்டுக்கு அப்பால், மூங்கில் தலைகளுக்கு மேலே, மெல்லிய நூல் மாதிரி ஒரு புகை.

"தீ! காட்டுத் தீ!"

அவள் சொல்லி முடிப்பதற்குள் காற்று திரும்பியது. வடக்கிலிருந்து அடித்தது. நூலாக இருந்த புகை போர்வையாக விரிந்து இறங்கியது. மான்கள் குளத்தில் குதித்தன. மயில்கள் மறுகரைக்குப் பறந்தன. எல்லாரும் தண்ணீரை நோக்கி ஓட, ஒருத்தி மட்டும் தீயை நோக்கி ஓடினாள்.

"அக்கா! எங்க போறே?" என்று துடுப்பன் கத்தினான்.

"எம்பிள்ளை மேட்டுல இருக்கு!"

பாறைமேட்டை அடைவதற்குள் புகை அவளை மூடிக்கொண்டது. குகைக்குள் கையை விட்டுத் துழாவினாள். காலி! உண்ணி விழித்து, பயந்து, எங்கோ ஓடியிருந்தது.

மூக்காயி மண்ணை முகர்ந்தாள். புகை. பாறையை முகர்ந்தாள். புகை. காற்றை முகர்ந்தாள். தும்மல்தான் வந்தது. மண்ணுக்குள் கறையானைக் கண்டுபிடித்த மூக்கு, பெற்ற பிள்ளையைக் கண்டுபிடிக்க முடியாமல் நின்றது.

துடுப்பன் புகைக்கு மேலே பறந்து தவித்தான். கீழே கரடி ஒரு கறுப்பு நிழலாகத் தெரிந்தாள். அவளுக்குக் கிழக்கே புல் எரிந்துகொண்டு வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றால் வெளியே வர வழி இருக்காது. எப்படியாவது அவளைக் குளத்துக்கு இழுக்க வேண்டும். அவள் யார் குரலுக்கு வருவாள்? அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். குளத்துப் பக்கம் பறந்துபோய், உண்ணியின் குரலில் கத்தினான்.

"அம்மாஆஆ! இங்க இருக்கேன்! இங்க வா!"

மூக்காயி திரும்பினாள். குளத்துப் பக்கம் இரண்டடி வைத்தாள். நின்றாள்.

"உண்ணீ! எங்கடா இருக்கே, ராசா? இன்னொரு தடவை கூப்பிடுடா!"

துடுப்பன் மறுபடி கத்த வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றது.

ஆயிரம் குரல்களை அவன் கேட்டிருக்கிறான். கேட்ட உடனே எடுத்துத் தொண்டையில் போட்டுக்கொள்வான். மேலே போகிறதா, கீழே வருகிறதா, எங்கே இழுக்கிறது, எங்கே உடைகிறது, இவ்வளவுதான் அவன் கவனித்ததெல்லாம். அந்தக் குரலுக்குள்ளே இருப்பவருக்கு என்ன ஆயிற்று என்று அவன் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. இப்போதுதான் முதல் முறையாக, மூக்காயியின் குரலுக்குள் மூக்காயி இருப்பது அவனுக்குக் கேட்டது.

'ஐயோ! நான் கத்தினா இவளுக்கு எது கேட்கும்? நிஜப் பிள்ளை எங்கேயாவது கூப்பிட்டா, என் சத்தம்தானே அதை மூடும்?'

அவன் வாயை மூடினான். வாழ்நாளில் முதல் தடவை. மூடுவது எவ்வளவு கஷ்டம்! தொண்டைக்குள் பருந்து துடித்தது, மயில் துடித்தது, மானும் மந்தியும் துடித்தன. ஒரு கிளையை அலகால் இறுக்கக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

மூக்காயி கண்ணை மூடினாள். காதுகளைத் திருப்பினாள். மூங்கில் வெடிக்கும் சத்தத்தை ஒதுக்கினாள். புல் எரியும் சத்தத்தை ஒதுக்கினாள். தூரத்தில் மான்கள் தண்ணீரில் அடிக்கும் சத்தத்தை ஒதுக்கினாள். எல்லாவற்றுக்கும் அடியில், மிக மெல்லிசாக…

'ம்ம்ம்ம்ம்.'

அவள் குளத்துக்கு எதிர்ப்பக்கம் பாய்ந்தாள். இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஒரு பிளவு. அதற்குள் உண்ணி சுருண்டு, கண்ணை இறுக மூடி, உள்ளங்கையைச் சப்பிக்கொண்டு முனகிக்கொண்டிருந்தது. கத்தக்கூடத் தெம்பில்லை அதற்கு. மூக்காயி பிடரியைக் கவ்வி வெளியே இழுத்தாள். முதுகில் போட்டாள். ஓடினாள்.

புகைக்குள்ளிருந்து அவள் வெளியே வந்து குளத்தில் விழுந்தபோது, மயிர் நுனியெல்லாம் கருகியிருந்தது. முதுகில் உண்ணி இருந்தது. இறங்கவே மாட்டேன் என்பதுபோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

தீ கரைவரை வந்தது. ஈரச் சேற்றைப் பார்த்தது. முணுமுணுத்தது. அணைந்தது.

கழுத்துவரை தண்ணீரிலும் மறுகரையிலுமாக எல்லாரும் நின்றார்கள். முகமெல்லாம் கரி. யார் மயில், யார் மான் என்றே தெரியவில்லை. துடுப்பன் கட்டையனின் கொம்பில் உட்கார்ந்து தலையைத் தொங்கப் போட்டிருந்தான். ஒரு சத்தமும் இல்லை.

"என்னடா, தொண்டை கட்டிருச்சா?" என்றாள் மூக்காயி.

"அக்கா, அந்தக் குரல்… உண்ணி மாதிரி கூப்பிட்டது… நான்தான்."

"தெரியும். ஆனா பயம் வந்தா தெரிஞ்சதும் தெரியாமப் போயிருது. ரெண்டடி எடுத்து வச்சிட்டேன். நீ வாயை மூடினே பாரு, அதுதான் எனக்கு வழி விட்டுச்சு."

துடுப்பனுக்கு அழுகை வந்தது. "இன்னொண்ணும் சொல்லணும்க்கா. புற்றுக்குக் கூப்பிட்ட அந்த மயில் இருக்கே…"

"நீதான்."

"செம்போத்து?"

"நீதான்."

"குக்குறு…"

"அதுவும் நீதான். அதுல மட்டும் கொஞ்சம் சுதி பத்தாது."

துடுப்பனின் அழுகை பாதியில் நின்றது. "எ… எப்போலருந்து தெரியும்?"

"மூணாம் நாள்லருந்து."

"மூணாம் நாளா! எப்படி?"

"எந்த மயிலாவது கத்துறதுக்கு முன்னாடி களுக்குன்னு சிரிக்குமாடா?"

அணில்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. சிங்காரி நனையாமல் மேலே ஒரு கிளையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கிளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான்னு தெரிஞ்சும் தினமும் எதுக்குக்கா வந்தே?"

மூக்காயி நாக்கை நீட்டி உதட்டை ஒரு சுற்று நக்கினாள். "தேன் நல்லா இருந்துச்சு."

உண்ணி களுக்கென்று சிரித்தது.

"அப்போ… இன்னைக்கு? கட்டையன் ஐயா தூங்குறப்போ… நீ குனிஞ்சு… உதட்டைக் குவிச்சு…"

துடுப்பன் உட்கார்ந்திருந்த கொம்பு ஆடியது. "நான் எங்கடா தூங்கினேன்?" என்றார் கட்டையன். "நேத்தே இவ வந்து சொல்லிட்டா. நீ மரத்துல புரண்டு புரண்டு போட்ட திட்டம் பாறைமேடு வரைக்கும் கேட்டுச்சாம். இவ குனிஞ்சதும் புற்று எழுந்திரிச்சு, 'என்ன வேணும்?'னு கேக்குறதா ஏற்பாடு. உச்சி வெயில்ல, சேத்தைப் பூசிக்கிட்டு, ஈ கடிக்க, அசையாம நடிச்சேன். எல்லாம் உனக்காக!"

துடுப்பன் கணக்குப் போட்டான். விடியும் முன்பே எழுந்தது. புற்றுப் புற்றாக அலைந்தது. தேனீ துரத்தியது. இலுப்பை மரத்தடியில் காவல் இருந்தது. உடம்பு பாதியாய் இளைத்தது. ஒருநாள் இருநாள் இல்லை, முழுசாக நாற்பது நாள், ஒரு கரடிக்குப் பந்தி விசாரித்திருக்கிறான்!

அவன் மூக்காயியைப் பார்த்தான். கட்டையனைப் பார்த்தான். கரி அப்பிய அத்தனை முகங்களையும் பார்த்தான். எல்லார் கன்னமும் உப்பிக்கொண்டு வந்தது.

"அப்படின்னா," என்றான் அவன். மயில் குரலில் இல்லை, மந்தி குரலில் இல்லை, அதுவரை அந்தக் காட்டில் யாருமே கேட்டிராத, மெலிந்து கீச்சிட்ட அவனுடைய சொந்தக் குரலில். "அப்படின்னா இத்தனை நாளும் ஏமாந்தது நானா!"

சிங்காரியின் பிடி நழுவியது. 'தொப்!'

கூடப் பிறந்த திறமையை மட்டும் நம்பியிருப்பவர் அது கைவிடும் நாளில் தவித்துப்போவார், தனக்கு வராததையும் அரைகுறையாகவாவது பழகி வைத்திருப்பவரே அந்த நாளைக் கடப்பார்.